நிழலுக்கும் இடம் வேண்டும்

(இளங்கலை இயற்பியல், மூன்றாம் ஆண்டு மாணவன்)

கல்லூரிப் புகைப்படக் கண்காட்சிக்காக நான் எடுத்த படமொன்றை என் சித்தப்பாவிடம் காட்டினேன். முப்பது ஆண்டுகளாக வாணியம்பாடிப் பக்கம் ஒரு டேனரியில் வேலை செய்பவர் அவர். படத்தில் நிற்பவரும் அவரே. கண்ணாடியை ஏற்றி இறக்கிப் பார்த்துவிட்டு, "இது யாரு ஷாப்புடா? கல்யாண மண்டபம் மாதிரி கீது! எங்க ஷாப்புல இம்மாம் வெளிச்சம் இருந்தா எனக்கு எதுக்குடா இந்தக் கண்ணாடி?" என்றார்.

வீட்டில் எல்லோரும் சிரித்தனர். நானும் சிரித்தேன். ஆனால் அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. அவர் சொன்னது உண்மையன்றோ? அரை இருட்டில் நின்று உழைத்த மனிதரை விளக்கு அலங்காரத்தின் நடுவே நிறுத்தியவன் நான்தானே!

நான் கையாண்ட முறைக்கு எச்.டி.ஆர். என்று பெயர். வாசலில் வெயில், மூலையில் இருட்டு என்றால் ஒரே படத்தில் இரண்டும் அடங்குவதில்லை. ஒளி ஒருமுறை இரட்டிப்பாவதை ஒரு 'ஸ்டாப்' என்பர். பத்து ஸ்டாப் வேறுபாடு என்றால் 1024 மடங்கு! ஆகவே வாசலுக்கு ஒன்று, நடுவிடத்துக்கு ஒன்று, மூலைக்கு ஒன்று என மூன்று படங்கள் எடுத்து ஒன்றாக இணைக்கின்றோம். இது புதிய எண்ணமும் அன்று. பிரான்சு நாட்டுக் குஸ்தாவ் லெ கிரே 1850களிலேயே வானுக்கு ஒரு நெகட்டிவ், கடலுக்கு ஒரு நெகட்டிவ் என எடுத்து இணைத்துக் காட்டியவர். கணிப்பொறியில் இதைச் செம்மையாகச் செய்யும் வழியை 1997-இல் பால் டெபெவெக்கும் நம் நாட்டில் பிறந்த ஜிதேந்திர மாலிக்கும் வகுத்தளித்தனர். ஆலங்காயத்தை அடுத்த காவலூர் வானாய்வகத்தை நம்மில் பலர் பார்த்திருப்போம். வானியலாருக்கும் இதே தொல்லை உண்டு. ஓரியன் நெபுலாவின் நடுப்பகுதி பளிச்சென்றும் ஓரங்கள் மங்கலாகவும் இருப்பதால், குறுகிய நேரப் படத்தையும் நெடுநேரப் படத்தையும் இணைத்தே முழு உருவைக் காண்கின்றனர்.

"படத்தைத் திருத்துவதே பொய்" என்று என் வகுப்புத் தோழன் ஒருவன் வாதிட்டான். நான் அதை ஏற்கவில்லை. வெயிலில் இருந்து உள்ளே நுழைந்தால் சற்று நேரத்தில் கண் பழகி, மூலையில் இருப்பவரையும் அடையாளம் காண்கின்றது. காமிராவுக்கு அந்தப் பழக்கம் இல்லை. ஆகவே கண் கண்டதைக் காட்டவே இம்முறை பிறந்தது. பிழை முறையில் இல்லை, நம் விரலில் இருக்கின்றது. ஸ்லைடர் வலப்பக்கம் நகர்கிறதே என்பதற்காகக் கடைசிவரை தள்ளிவிடுகின்றோம்.

என் படத்தில் நேர்ந்தது என்ன? 'ஷேடோ'வை முழுதும் ஏற்றினேன், 'ஹைலைட்'டை முழுதும் இறக்கினேன். விளைவு, வெயில் அடிக்கும் வாசலைவிட உள்சுவர் வெளிச்சமாயிற்று. உலகில் எந்த வீட்டில் இப்படி உண்டு? எது அதிக ஒளி, எது குறைந்த ஒளி என்ற வரிசை மாறினால், காரணம் தெரியாதவருக்கும் ஏதோ பொய் என்று தோன்றிவிடும். சித்தப்பாவின் தலையைச் சுற்றி வெள்ளையாக ஓர் ஒளிவட்டம் வேறு! 'கிளாரிட்டி'யை ஏற்றியதால் மாநிறமான அவர் முகம் சாம்பல் பூசியது போலாகிச் சுருக்கங்கள் வெட்டுக் காயங்களாகத் தெரிந்தன. குரோம் ஏற்றிய தோலை 'வெட் ப்ளூ' என்பர். வெளிறிய நீலம் அது. என் படத்தில் மயில் கழுத்து நிறத்தில் மின்னிற்று. சுழன்று கொண்டிருந்த ட்ரம்மோ மூன்று படங்களிலும் மூன்று நிலையில் இருந்ததால் ஆவி போலத் தெரிந்தது.

மறுபடியும் முதலிலிருந்து செய்தேன். வாசலின் நடுவே சிறிது வெள்ளையாகவே போகட்டும் என விட்டேன். வெயில் கண் கூசத்தானே செய்யும்! மூலையில் கொஞ்சம் கறுப்பை மிச்சம் வைத்தேன். முகத்தில் மட்டும் கிளாரிட்டியை அறவே நீக்கினேன். ட்ரம்மை ஒரே படத்திலிருந்து எடுத்துக் கொண்டேன். இணைத்த படத்தைச் சாதாரணப் படத்தின் மேல் வைத்துப் பாதியளவே தெரியச் செய்தேன். இந்த ஒன்றே பாதிக் குறையைப் போக்கிற்று. பிறகு ஒரு நாள் அதைத் தொடவேயில்லை. இரவு முழுதும் பார்த்துப் பழகிய கண்ணுக்கு எல்லா மிகையும் இயல்பாகவே தோன்றும். மறுநாள் புதிதாகப் பார்த்து இன்னும் குறைத்தேன். இன்னொன்றும் சொல்ல வேண்டும். இப்போதைய கைப்பேசிகள் பல, நாம் கேட்காமலே சில படங்களை இணைத்துத்தான் தருகின்றன. அதன்மேல் மீண்டும் எச்.டி.ஆர். போடுவது, உப்பிட்ட குழம்பில் மறுபடி உப்பிடுவதுதான்.

கண்காட்சியில் பரிசு, ஏலகிரி மலைக்கு மேல் ஊதா வானம் காட்டிய ஒரு படத்துக்குப் போயிற்று. நடுவர்களிடம் எனக்குக் கோபமில்லை. அந்த வானத்தை அவர்கள் எந்த ஊரில் கண்டார்கள் என்று கேட்க மட்டும் ஆசை.

என் படத்தைச் சித்தப்பா நெடுநேரம் பார்த்தார். "இப்ப சரி" என்றார். பிறகு இருட்டாயிருந்த மூலையில் விரலை வைத்து, "இங்கதான்டா என் சாப்பாட்டுத் தூக்கு இருக்கும்" என்றார்.