சிலிண்டருக்குத் தகடு உண்டு, குழாய்க்கு?

என் பேத்தி பள்ளிக்குப் போகும் வேன் சி.என்.ஜி.யில் ஓடுவது. சிலிண்டர் சோதனைத் தகட்டைக் காட்டுமாறு டிரைவரிடம் கேட்டேன். பெருமையாகக் காட்டினார், தேதி சரியாகவே இருந்தது. "கம்பெனி இந்த மாடலைப் பழுது பார்க்கத் திரும்ப அழைத்திருக்கிறதா, விசாரித்தீர்களா?" என்றேன். "அப்படி என்றால் என்ன சாப்?" என்றார். வண்டியை அவர் செகண்ட் ஹாண்டில் வாங்கியவர். அவரைச் சொல்லிக் குற்றமில்லை. தில்லியில் வாழும் நம்மில் எத்தனை பேர் விசாரித்திருக்கிறோம்?

விற்ற பிறகு குறை தெரியவந்தால், கம்பெனியே வண்டியை வரவழைத்து இலவசமாகச் சரி செய்வதுதான் 'ரீகால்'. 2019 நவம்பரில் ஹூண்டாய் நிறுவனம், தன் கிராண்ட் ஐ10, எக்ஸென்ட் சி.என்.ஜி. கார்களில் 16,409-ஐ இவ்வாறு அழைத்தது. காரணம், காஸ் வரும் வழியில் உள்ள ஃபில்டர் பகுதியில் குறை இருக்கலாம் என்ற சந்தேகம். இதைச் சிலர் கேவலமாக நினைக்கிறார்கள். என்னைக் கேட்டால், குறையை ஒப்புக்கொள்ளும் கம்பெனியே மேல்.

ரயிலின் பிரேக் பைப்பில் காற்றழுத்தம் சதுர சென்டிமீட்டருக்கு 5 கிலோதான். அதில் கசிவு இருக்கிறதா என்று பார்க்காமல் நாங்கள் வண்டியை அனுப்பியதில்லை. சி.என்.ஜி. சிலிண்டரிலோ சுமார் 200 கிலோ, அதாவது நாற்பது மடங்கு! அந்த அழுத்தத்தை ரெகுலேட்டர் வரை தாங்குவது விரல் பருமன்கூட இல்லாத ஒரு குழாயும் அதன் இணைப்புகளும்தான்.

ரயில்வேயில் ஒரு பாகத்தில் குறை என்று சுற்றறிக்கை வந்தால், எந்த டிப்போவில் நின்றாலும் அந்த வண்டியைத் தேடிப் பிடித்து 'சிக்' என்று குறித்து ஒதுக்குவோம். சாலை வண்டிக்கு அப்படி யார் இருக்கிறார்கள்? ரீகால் கடிதம் முதலில் வாங்கியவரின் பழைய விலாசத்துக்குப் போனால், இன்று ஓட்டுபவருக்குத் தெரிய வழியில்லை. 2021 ஏப்ரல் முதல், ரீகாலுக்கு உத்தரவிடவும் மீறினால் ஒரு கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்கவும் அரசுக்கு அதிகாரம் உண்டு. நல்ல சட்டம்தான். ஆனால் கடிதம் கைக்கு வராதவருக்கு அதனால் என்ன பயன்?

என் யோசனை இதுதான். மூன்று ஆண்டுக்கு ஒருமுறை சிலிண்டரைச் சோதித்த தகடு இல்லாவிட்டால் பங்கில் காஸ் போடக் கூடாது என்பது விதி. அந்தச் சோதனையின்போதே சேஸிஸ் எண்ணை வைத்து, நிலுவையில் ரீகால் உண்டா என்று பார்த்து, அது தீர்ந்த பிறகே தகடு தரட்டும். புதிய இலாகா எதுவும் வேண்டாம்.

அதுவரை, அன்பர்களே, உங்கள் வண்டியின் சேஸிஸ் எண்ணைக் குறித்துக்கொண்டு கம்பெனியின் அங்கீகாரம் பெற்ற ஒர்க்‌ஷாப்பில் ஒரு வார்த்தை கேளுங்கள். குழந்தைகள் போகும் வேனுக்கும் கேளுங்கள். எங்கள் டிரைவரை நானே அழைத்துப் போனேன். நிலுவை ஏதுமில்லை என்றார்கள். அன்றுதான் எனக்கு நிம்மதி.