வேலி கட்டப் போகும் வண்டிகள்

காங்கயம், தாராபுரம், வெள்ளகோவில் வட்டாரங்களில் மாசி தொடங்கிச் சித்திரை முடியும் வரையில் கொறங்காடு எனப்படும் மேய்ச்சல் நிலங்களில் தீப்பிடிப்பது புதுமையான சம்பவம் அன்று. காய்ந்து நிற்கும் கொழுக்கட்டைப் புல்லில், வழிப்போக்கர் எறிந்துவிட்டுப் போன பீடித் துண்டோ, காற்றில் ஒன்றோடொன்று உரசிய மின்கம்பிகள் சிந்திய பொறியோ விழுந்துவிட்டால், தீயணைப்பு வண்டி வந்து சேர்வதற்குள் ஏக்கர் கணக்கில் கரிந்து போகிறது. மறுநாள் எழுதப்படும் மனுவில் தட்டுப்போர் இத்தனை, செத்த ஆடு இத்தனை, கருகிய தென்னை இத்தனை என்று சேதம் வரிசையாகக் குறிக்கப்படும்போது, வேலி கடைசி வரியில் வந்தாலும் வரலாம், வராமலே போனாலும் போகலாம். முதல் மழைக்குப் புல் வேரிலிருந்து தழைத்துவிடும். இட்டேரியின் இருபுறமும் பாட்டன் காலத்தில் போத்து நட்டு வளர்த்த கிளுவை வேலியோ, அடியோடு வெந்த இடத்தில் திரும்ப அடர்வதற்குப் பல வருஷங்கள் பிடிக்கும். வேலியற்ற காட்டில் மாட்டை அவிழ்த்துவிட முடியாது. கட்டிப்போட்டால் தீவனத்தை விலைக்கு வாங்க வேண்டும். வாங்குவதற்குக் கையில் பணமில்லாத குடியானவருக்கு, தம் காங்கயம் மாட்டைச் சந்தைக்குப் பிடித்துக்கொண்டு போவதைத் தவிர வேறு மார்க்கம் இல்லை. தீயினால் அவர் அடையும் நஷ்டத்தில் பெரும்பகுதி, தீ அணைந்த பிறகுதான் ஆரம்பமாகிறது.

இந்த உண்மையை வேறொரு கண்டத்தில் சொந்த அனுபவத்தில் கண்ட ஒரு தம்பதி, அதிலிருந்து ஒரு பெரிய சேவை ஸ்தாபனத்தையே உண்டாக்கினார்கள். 2009 பிப்ரவரி 7, சனிக்கிழமை, ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் மெல்போர்ன் நகரத்தின் வெப்பம் 46.4 டிகிரியைத் தொட்ட அந்தப் பகலில், கில்மோர் ஈஸ்ட் என்ற கிராமத்தருகே பழைய மின்கம்பி ஒன்று அறுந்து விழுந்ததில் மூண்ட நெருப்பும், அதே நாளில் மற்ற இடங்களில் மூண்ட நெருப்புகளும் சேர்ந்து 173 உயிர்களைப் பலிகொண்டன. இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகள் சாம்பலாயின. அப்பகுதியில் செம்மறியாடு வளர்த்துவந்த கெவின் பட்லர், ரோண்டா பட்லர் ஆகிய இருவரும், வேலிகள் எரிந்துபோன தங்கள் பண்ணையில் ஆடுகளைச் சிதறாமல் காக்க வேண்டிய அவசரத்தில், அக்கம்பக்கத்தாரையும் முன்பின் அறியாத தொண்டர்களையும் உதவிக்கு அழைத்தார்கள். தங்கள் வேலை எதிர்பார்த்ததைவிட விரைவில் முடிந்ததும், அதே நிலையில் நின்ற மற்றப் பண்ணைக்காரர்களுக்கும் அவ்வாறே செய்யத் துணிந்தார்கள். 'பிளேஸ்எய்ட்' என்ற தொண்டு நிறுவனம் பிறந்த வரலாறு இது. 2019-ன் இறுதியிலும் 2020-ன் தொடக்கத்திலும் அந்நாட்டைச் சூறையாடிய காட்டுத்தீக்களின் பின்னர், பல்லாயிரம் ஆடுகளை இழந்த கங்காரு தீவு உட்படப் பல பிரதேசங்களில் அது முகாமிட்டு வேலி கட்டியது.

அந்தத் தொண்டர்களில் கணிசமானவர்கள் உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்ற முதியவர்கள் என்பதும், அவர்கள் தங்கள் கேரவன் வண்டிகளோடு வந்து சேர்கிறார்கள் என்பதும் நாம் ஊன்றிக் கவனிக்க வேண்டிய விஷயங்கள். வீட்டைப் பூட்டிவிட்டு, படுக்கையும் அடுப்பும் அமைந்த வண்டியைக் காரின் பின்னால் மாட்டிக்கொண்டு, மாதக்கணக்கில் தேசத்தைச் சுற்றிவருவது அங்கே முதிய தம்பதியரிடையே சாதாரண வழக்கம். அப்படிச் சுற்றுகிறவர்கள், தீயோ வெள்ளமோ பாதித்த ஊரின் விளையாட்டு மைதானத்திலோ பொருட்காட்சித் திடலிலோ வண்டியை நிறுத்திக்கொண்டு, காலையில் குழுக்களாகப் பிரிந்து பண்ணைகளுக்குப் போகிறார்கள். வெந்து முறுக்கிக்கொண்ட கம்பியைச் சுருட்டி அகற்றுகிறார்கள், கரிந்த கம்பங்களைப் பிடுங்குகிறார்கள், புதிய இரும்புக் கம்பங்களை அறைந்து கம்பியை இழுத்துக் கட்டுகிறார்கள். மாலையில் ஊரார் அவர்களுக்கு உணவளிக்கிறார்கள். வந்தவர்கள் தங்குவதற்கு அறை தேட வேண்டியதில்லை. சர்வமும் இழந்த ஊர் விருந்தினருக்குப் பாயும் தலையணையும் கொடுக்க வேண்டியதில்லை. துயருற்றவர் வீட்டுக்குப் போகும் ஒரம்பரை, அந்த வீட்டுக்குப் பாரமாகாமல் இருப்பதே உதவியின் முதல் இலக்கணம் அல்லவா?

கேரவன் என்றவுடன் நம்மவர்களுக்குப் படப்பிடிப்புத் தளத்தில் நடிகர்கள் இளைப்பாறும் சொகுசு வண்டிதான் நினைவுக்கு வருகிறது. கேரள அரசு 2021-ல் கேரவன் சுற்றுலாத் திட்டத்தைத் தொடங்கியபோதும் அது உல்லாசப் பிரயாணிகளுக்குரிய காரியமாகவே பேசப்பட்டது. ஆனால் வண்டியிலேயே உண்டு உறங்கித் தூரதேசத்தில் பிழைப்பது கொங்கு நாட்டாருக்கு எந்த வகையிலும் அந்நியமானது அன்று. திருச்செங்கோட்டிலிருந்து புறப்படும் ரிக் வண்டிகள் ராஜஸ்தானம், மத்தியப் பிரதேசம் என்று வடதேசமெங்கும் போய் மாதக்கணக்கில் ஆழ்துளைக் கிணறு தோண்டிவிட்டுத் திரும்புகின்றன. உடன் செல்லும் லாரியில்தான் அந்த ஆட்களின் அரிசி மூட்டையும் அடுப்பும் படுக்கையும் இருக்கின்றன. கண்ணபுரம் மாட்டுச் சந்தைக்குக் குடும்பத்தோடு வண்டி கட்டிப் போய் மரத்தடியில் தங்கி வந்தவர்களின் பேரன்மார் இன்றும் நம்மிடையே இருக்கிறார்கள். ஆயிரக்கணக்கானோருக்குச் சமைக்கும் ஏற்பாடுகளோடு பழனிக்கு நடந்து போகும் எடப்பாடிக் காவடிக் கூட்டத்துக்கு முகாம் நடத்தும் கலையை எவர் போய்க் கற்பிக்க வேண்டும்? பஸ்ஸுக்குக் கூண்டு கட்டுவதில் தேசப் பிரசித்தி பெற்ற கரூர் நம் பக்கத்திலேயே இருக்கிறது. ஒரு பழைய வேனுக்குள் இரண்டு கட்டிலும் ஒரு தண்ணீர்த் தொட்டியும் பொருத்துவது அங்கே பெரிய காரியமா?

நம் நாட்டில் இதற்கான தேவை எங்கே என்று கேட்பவர்கள் கஜா புயலை நினைத்துப் பார்க்க வேண்டும். 2018 நவம்பர் 16 அதிகாலையில் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்த அந்தப் புயல், காவிரித் தண்ணீரை நம்ப முடியாத கடைமடையில் நெல்லை விட்டுத் தென்னைக்கு மாறியிருந்த பட்டுக்கோட்டை, பேராவூரணி, ஒரத்தநாடு, ஆலங்குடி வட்டாரங்களின் தோப்புகளை ஓர் இரவில் படுக்கப் போட்டுவிட்டது. கொங்கு நாட்டிலிருந்து அரிசியும் போர்வையும் மெழுகுவத்தியும் லாரி லாரியாகப் போயின. அதைவிடப் பெரிய சகாயமாக, சாய்ந்து கிடந்த ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்களைத் திரும்ப நிறுத்துவதற்கு வெளி மாவட்டங்களின் மின்வாரிய ஊழியர்கள் போய், சேற்றில் இடுப்பளவு நின்று உழைத்தார்கள். அந்த ஊழியர்களைத் தம் வீட்டுப் பிள்ளைகளைப் போல் உபசரித்து ஊர்கள் வழியனுப்பின. ஆனால் விளக்கு எரியத் தொடங்கியதும் லாரிகளும் ஆட்களும் திரும்பிவிட, தோப்பில் குறுக்கும் நெடுக்குமாகக் கிடந்த மரங்களோடு குடியானவர் தனியே நின்றார்.

அரசு அறிவித்த நிவாரணம் ஒரு தென்னைக்கு 1,100 ரூபாய். அதில் 500 ரூபாய் மரத்தை வெட்டி அப்புறப்படுத்துவதற்கென்றே கணக்கிடப்பட்டது. பணத்தைக் குறைத்துப் பேசுவது என் நோக்கம் அன்று. ஒரு ஜில்லா முழுவதும் ஒரே வாரத்தில் மரம் அறுக்கும் மிஷினையும் அதைப் பிடிக்கத் தெரிந்த ஆளையும் தேடும்போது, 500 ரூபாய்க்கு அந்த ஆள் எங்கிருந்து அகப்படுவார்? விழுந்த மரம் கிடந்தால் கிடக்கட்டும் என்று விடவும் முடியாது. அழுகும் தென்னந்தண்டில்தான் காண்டாமிருக வண்டு முட்டையிட்டுப் பெருகுகிறது. பெருகிய வண்டு, தப்பித்து நின்ற மரங்களின் குருத்தையும், கடன் வாங்கிப் புதிதாக நட்ட கன்றுகளின் குருத்தையும் துளைக்கிறது. நட்ட கன்று காய்க்க ஐந்தாறு வருஷம் காத்திருக்க வேண்டியவனுக்கு, தண்டுகளை அகற்றுவதில் நேரும் நாலு மாதத் தாமதம் மேலும் இரண்டு வருஷத்து விளைச்சலைத் தின்றுவிடக்கூடும். அரிசி மூட்டையோடு போய்த் திரும்பிய லாரிகளில் பத்தில் ஒன்று, மரம் அறுக்கும் மிஷின்களோடும் அவற்றை ஓட்டத் தெரிந்த பொள்ளாச்சி ஆட்களோடும் அங்கேயே இரண்டு மாதம் நின்றிருக்குமானால், அது எத்தனை குடும்பங்களுக்கு எவ்வளவு பெரிய உபகாரமாக இருந்திருக்கும்!

நமக்கு இரக்கத்தில் குறைவில்லை. அது முதல் வாரத்தோடு தீர்ந்துபோகிறது என்பதே என் வருத்தம். அந்த வாரத்துக்குப் பிறகு தேவைப்படுவது தொழில் தெரிந்த கைகள். அத்தகைய கைகள் கோயம்புத்தூரைப் போல் வேறெங்கே குவிந்திருக்கின்றன? பம்பு செட்டைப் பிரித்துக் கோத்தே தலை நரைத்தவர்கள், மோட்டாருக்குக் காயில் கட்டியவர்கள், பஞ்சாலைகளில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர்கள், மின்வாரியத்தில் கம்பமேறியவர்கள், சொட்டுநீர்க் குழாய் பதிப்பதில் தேர்ந்த தோட்டக்காரர்கள் என்று ஒவ்வொரு தெருவிலும் ஒருவர் இருக்கிறார். அறுபது வயதில் உடல் நலத்தோடும் ஓய்வூதியத்தோடும் வீட்டில் அமர்ந்திருக்கும் இவர்களுக்கு, காசிக்கும் ராமேசுவரத்துக்கும் போவதற்கு டூரிஸ்ட் வண்டி ஏற்பாடு செய்து தரப் பலர் இருக்கிறார்கள். வெள்ளத்தில் மூழ்கிய நூறு மோட்டார்களைப் பழுது பார்ப்பதற்காகத் தூத்துக்குடி ஜில்லாவுக்கு வருகிறீர்களா என்று அழைப்பதற்குத்தான் ஆள் இல்லை. 2023 டிசம்பர் வெள்ளத்தின்போது தாமிரபரணிக் கரையில் அந்த அழைப்பு எவ்வளவு தேவைப்பட்டது!

இதில் அபாயங்களும் உண்டு. 2018 மார்ச் 11-ல் தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேறப் போனவர்களில் 23 பேர் காட்டுத்தீயில் சிக்கி மாண்டதை நாம் மறக்க முடியாது. ஈரோடு, திருப்பூர்ப் பக்கத்தினரும் அந்த மலையேற்றத்தில் இருந்தார்கள். தீ எரிகிறபோது மலைக்குள் புகுவது வனத்துறையின் வேலை. 2023 ஏப்ரலில் ஆலாந்துறைக்கு அருகே நாதேகவுண்டன்புதூர் மலைச்சரிவில் பற்றிய நெருப்பை அணைக்கச் சூலூர் விமானப்படைத் தளத்து ஹெலிகாப்டரே வர நேர்ந்தது. தொண்டர்கள் போக வேண்டியது நெருப்பு அணைந்த பிறகு, ஊரார் அழைத்த பிறகு. மரம் அறுக்கும் மிஷின், கம்பம் நடும் பள்ளம், அறுந்த மின்கம்பி ஆகியவை உயிரோடு விளையாடுபவை. ஆகவே அனுபவமில்லாத ஆர்வலரை அவற்றினருகே விடலாகாது.

இவற்றைவிட நுட்பமான இன்னொரு விஷயமும் இருக்கிறது. தோப்பு விழுந்தால் தோப்புக்காரர் மட்டும் விழுவதில்லை; காய் பறிப்பவரும், மட்டை உரிப்பவரும், கீற்று முடைபவளும் கூலியை இழக்கிறார்கள். இலவசமாக உழைக்க வந்தவர்கள் அந்தக் கூலிக்காரர் செய்யக்கூடிய வேலையைப் பறித்துக்கொள்வது தர்மமாகாது. வெளியூரார் மிஷினைப் பிடிக்கட்டும். தண்டைச் சுமக்கும் வேலைக்கு உள்ளூராருக்கு நியாயமான கூலியை அரசு கொடுக்கட்டும். அன்றியும், எந்த வீட்டு வேலை முதலில் என்று தீர்மானிக்கும் அதிகாரத்தைப் பெரிய நிலக்காரர்களிடம் விட்டுவிட்டால், ஊரின் கடைசித் தெருவிலிருக்கும் கூரை கடைசி வரையில் வேயப்படாமலே கிடக்கும். வண்டிகள் எந்தத் தெருவில் நிற்கின்றன, தொண்டர்கள் எவர் வீட்டுத் தண்ணீரைக் குடிக்கிறார்கள் என்பதை நம் கிராமங்கள் உற்றுக் கவனிக்கும். ஆகவே வேலைப் பட்டியலைக் கிராம சபையில் எல்லோரும் கேட்க வாசித்து, குத்தகைதாரரையும் நிலமற்றவரையும் முன்வைத்து வரிசைப்படுத்த வேண்டும். அதற்கு இசையாத ஊருக்கு வண்டி போகக் கூடாது என்றே நான் சொல்வேன்.

இடத்துக்கும் பஞ்சமில்லை. பல வட்டாரங்களில் வேளாண் விற்பனைத் துறையின் ஒழுங்குமுறை விற்பனைக் கூடம் இருக்கிறது. மதிலும், லாரி திரும்பும் முற்றமும், மழைக்கு ஒதுங்கும் கொட்டகையும் உடைய அந்த வளாகங்கள் அறுவடை இல்லாத மாதங்களில் பெரும்பாலும் வெறுமனே கிடக்கின்றன. அங்கே ஒரு மூலையில் தண்ணீர்க் குழாய், கழிப்பறை, மின் இணைப்பு ஆகியவற்றை முன்கூட்டியே அமைத்துவைத்தால், இருபது வண்டிகள் எந்த நேரத்தில் வந்தாலும் நிற்கலாம். தென்னை ஏறுவோருக்குத் தென்னை வளர்ச்சி வாரியம் நடத்தும் 'கேரா சுரக்ஷா' விபத்துக் காப்பீட்டைப் போன்ற ஒன்றை, பதிவு செய்துகொண்ட தொண்டர்களுக்கும் அரசு வழங்கலாம். தென்னை ஆராய்ச்சிக்கென வேளாண்மைப் பல்கலைக்கழகம் ஆழியாறு நகரிலும், கஜா கடந்து சென்ற தஞ்சை வட்டாரத்து வேப்பங்குளத்திலும் நிலையங்கள் வைத்திருக்கிறது. கன்று நடுவதிலும் வண்டு ஒழிப்பதிலும் தொண்டர்களைப் பழக்குவதற்கு இவ்விரண்டையும் விடப் பொருத்தமான இடங்கள் கிடையா.

இந்த உதவி ஒருபக்கமாகவே போய்க்கொண்டிருக்கும் என்று எவரும் எண்ண வேண்டாம். வேர்வாடல் நோயால் ஆனைமலை, பொள்ளாச்சி வட்டாரங்களில் தோப்புத் தோப்பாகத் தென்னைகளை வெட்டிச் சாய்க்கும் காலம் வந்துவிட்டது. வெட்டிய தண்டுகளை அகற்றவும், அடுத்த வெள்ளாமைக்கு நிலத்தைத் திருத்தவும் இங்கே கை போதாமல் நாம் திகைக்கும்போது, பேராவூரணியிலிருந்தும் ஒரத்தநாட்டிலிருந்தும் ஆட்கள் வருவார்கள். விழுந்த தோப்பை எழுப்பிய அனுபவம் அவர்களுக்கு உண்டு. அவர்களுடைய வண்டிகள் நிற்பதற்குப் பொள்ளாச்சி விற்பனைக் கூடத்தின் முற்றத்தில் இவ்வருஷமே குழாய் போட்டுவைக்க வேண்டும்.