‘கத்துக்குட்டி டாக்டர்’ என்று பயமுறுத்தாதீர்கள்



இரண்டு நாளாக நம் குழுவில் ஒரு செய்தி சுற்றுகிறது. "இலவச முகாமுக்குப் போகாதீர்கள். பயிற்சி டாக்டர்கள் ஐந்தே நிமிஷத்தில் கண்புரை ஆபரேஷனை அவசரமாக முடித்து அனுப்பிவிடுகிறார்கள்" என்று. இதைக் கேட்டுவிட்டு, கோத்தகிரிப் பக்கம் எஸ்டேட்டில் இருக்கும் நமக்குத் தெரிந்த பெரியம்மா ஆபரேஷனைத் தள்ளிப்போட்டுவிட்டார். அரைப் பார்வையோடு தேயிலைச் சரிவில் இறங்குகிறார். எதிரே காட்டெருமை நின்றாலும் அவருக்குத் தெரியாது.

செய்தி எழுதியவரைக் கேட்கிறேன்: பயிற்சி டாக்டரா, ஐந்து நிமிஷமா? இரண்டும் சேர்ந்து வராதே! புதியவருக்கு அரை மணி நேரத்துக்கு மேலும் ஆகும். சில நிமிஷத்தில் முடிப்பவர், ஆயிரக்கணக்கில் செய்து பழகியவர்.

வேகம் என்பது அவசரம் அல்ல. புதிதாகக் கொழுந்து பறிக்க வருபவர் ஒவ்வொரு தளிரையும் தேடுவார். பழகியவரின் இரண்டு கைகளும் தாமாகவே போகும். கை ஓடுவதால் அல்ல, வீண் அசைவு குறைவதால் வரும் வேகம் அது. கண் டாக்டரும் அப்படித்தான். முதலில் ஆட்டுக்கண்ணில் பழகுகிறார். பிறகு மூத்தவர் பக்கத்தில் இருக்க, ஒவ்வொரு கட்டமாகச் செய்கிறார். லென்ஸைத் தாங்கும் மெல்லிய பை கிழியாமல் காப்பதுதான் முதல் பாடம். வேகம் பின்னால் வரும்.

மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையைப் பாருங்கள். டாக்டர் கோ. வெங்கடசாமி ஓய்வுபெற்ற பிறகு, 1976-இல், 58 வயதில், 11 படுக்கைகளோடு தொடங்கியது. இளமையிலேயே முடக்குவாதத்தில் விரல்கள் வளைந்துபோனவர் அவர். அந்த விரல்களால் கத்தி பிடிக்க மெதுவாகப் பழகித்தான் லட்சம் கண்களுக்கு மேல் ஆபரேஷன் செய்தார். அங்கே ஒரு டாக்டருக்கு இரண்டு மேஜைகள். ஒன்றில் ஆபரேஷன் நடக்கும்போதே அடுத்தவரை நர்ஸ்கள் தயார் செய்துவிடுவார்கள். மிச்சமாவது காத்திருக்கும் நேரம்தான், கவனம் அல்ல.

"ஏழைகள் கண்ணில்தானா பழக வேண்டும்?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. அதற்கு வழி, ஆபரேஷனைத் தவிர்ப்பது அல்ல. "யார் செய்கிறார், மூத்த டாக்டர் கூடவே இருப்பாரா?" என்று தைரியமாகக் கேளுங்கள். அது உங்கள் உரிமை. கற்பவரை "சீக்கிரம், சீக்கிரம்" என்று எந்த ஆஸ்பத்திரி விரட்டினாலும் அதுவும் தப்புதான்.

முதல் நாளே யாரும் வேகமாக எழுதியதில்லை. உங்கள் கையைப் பிடித்து எழுதவைத்தவன் சொல்கிறேன். அந்தச் செய்தியை அழித்துவிட்டு, யாராவது ஒருவர் பெரியம்மாவை முகாமுக்கு அழைத்துப் போங்கள்.