தாதியர் பட்டத்துக்கு அப்பால் மூடப்பட்டிருக்கும் கதவு

க.பொ.த. உயர்தரப் பரீட்சைப் பெறுபேறுகள் வெளியாகும் ஒவ்வொரு தடவையும் நமது வீடுகளில் ஒரே காட்சியே அரங்கேறுகின்றது. உயிரியல் பிரிவில் தோற்றிய பிள்ளையின் இசட் புள்ளி மருத்துவ பீடத்துக்கான வெட்டுப்புள்ளியைத் தாண்டியதா இல்லையா என்பதே முழுக் குடும்பத்தினதும் கேள்வியாகி விடுகின்றது. தசம தானங்களில் ஏற்படும் சிறு வேறுபாடு ஒருவரை வைத்தியராகவும் மற்றொருவரைத் தாதியியல் பட்டதாரியாகவும் ஆக்கி விடுகின்றது. பத்தொன்பது, இருபது வயதில் எழுதப்பட்ட ஒரு பரீட்சையின் தீர்ப்பு வாழ்நாள் முழுவதற்குமான தீர்ப்பாக அமைய வேண்டுமா? தாதியியல் பட்டம் பெற்று நோயாளரின் படுக்கை அருகில் பல ஆண்டுகள் பணியாற்றிய ஒருவர் பின்னர் மருத்துவம் கற்க விரும்பினால் அவருக்கு இந்நாட்டில் என்ன வழி இருக்கின்றது? இக்கேள்வி இதுவரை உரிய முறையில் விவாதிக்கப்படவில்லை.

இலங்கையில் தாதியர் கல்வி நீண்ட காலமாகத் தாதியர் பயிற்சிக் கல்லூரிகளின் மூன்றாண்டு டிப்ளோமாவுடன் நின்றிருந்தது. 1990களில் இலங்கைத் திறந்த பல்கலைக்கழகம் கனடாவின் அதபாஸ்கா பல்கலைக்கழகத்தின் ஒத்துழைப்புடன் சேவையில் இருந்த தாதியருக்கென பட்டக் கற்கைநெறியை ஆரம்பித்தது ஒரு திருப்புமுனையாகும். அதன் பின்னர் 2000களில் ஸ்ரீ ஜயவர்தனபுர, பேராதனை, யாழ்ப்பாணம், கிழக்கு முதலான பல்கலைக்கழகங்களில் நான்காண்டுத் தாதியியல் பட்டம் இடம்பிடித்தது. உடற்கூற்றியல், உடற்றொழிலியல், நுண்ணுயிரியல், மருந்தியல் ஆகிய பாடங்கள் இப்பட்டத்திலும் கற்பிக்கப்படுகின்றன. மருத்துவ மாணவர் நடமாடும் அதே விடுதிகளிலேயே தாதியியல் மாணவரும் பயிற்சி பெறுகின்றனர். ஆயினும் இவ்விரு கற்கைநெறிகளுக்கும் இடையில் பாலம் எதுவும் அமைக்கப்படவில்லை.

அரச மருத்துவ பீடங்களுக்கான அனுமதி உயர்தரப் பெறுபேற்றின் அடிப்படையில் மட்டுமே வழங்கப்படுகின்றது. நூற்றுக்கு 40 வீதம் அகில இலங்கைத் திறமை அடிப்படையிலும், 55 வீதம் மாவட்ட அடிப்படையிலும், 5 வீதம் கல்வி வசதி குறைந்த மாவட்டங்களுக்கும் ஒதுக்கப்படுகின்றது. பல்கலைக்கழக அனுமதிக்கென மூன்று தடவைகளுக்கு மேல் தோற்ற முடியாது. ஒரு தடவை அரச பல்கலைக்கழகமொன்றில் பதிவு செய்து கற்கத் தொடங்கியவர் மீண்டும் அனுமதி கோருவதற்கும் விதிகள் பொதுவாக இடமளிப்பதில்லை. ஆக, தாதியியல் பட்டத்தில் முதலாம் வகுப்புச் சித்தி பெற்ற ஒருவருக்குக் கூட அரச மருத்துவ பீடத்தின் வாசல் திறப்பதில்லை. பட்டமும் அனுபவமும் அங்கு எடைபோடப்படுவதில்லை. பல ஆண்டுகளுக்கு முன்னர் எழுதிய பரீட்சையே எடைபோடப்படுகின்றது.

ஏனைய நாடுகள் இவ்விடயத்தை வேறுவிதமாக நோக்கியுள்ளன. அவுஸ்திரேலியாவில் 1996 ஆம் ஆண்டில் பிளின்டர்ஸ் பல்கலைக்கழகமும், அதற்கடுத்த ஆண்டில் சிட்னி, குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகங்களும் ஏற்கனவே பட்டம் பெற்றவர்களுக்கான நான்காண்டு மருத்துவக் கற்கையை ஆரம்பித்தன. பிரித்தானியாவில் 2000 ஆம் ஆண்டில் லண்டன் சென்ற் ஜோர்ஜஸ் மருத்துவக் கல்லூரி இவ்வழியைத் திறந்தது. விண்ணப்பதாரரின் சிந்தனைத் திறன், எழுத்தாற்றல், விஞ்ஞான அறிவு ஆகியன தனியான நுழைவுப் பரீட்சை மூலம் சோதிக்கப்படுகின்றன. பின்னர் நேர்முகத் தேர்வு நடத்தப்படுகின்றது. தாதியர், மருந்தாளர், இயன்மருத்துவர் எனப் பல துறையினரும் இவ்வழியே வைத்தியர்களாகி உள்ளனர்.

ஐக்கிய அமெரிக்காவில் மருத்துவம் என்பதே பட்டத்துக்குப் பிந்திய கல்வியாகும். தாதியியல் பட்டதாரி விண்ணப்பிப்பதற்குத் தடையேதும் இல்லை. ஆனால் இங்கு கவனிக்க வேண்டிய ஒரு விடயம் உண்டு. மருத்துவக் கல்லூரிகள் பெரும்பாலும் எதிர்பார்க்கும் சேதன இரசாயனம், பௌதிகவியல் போன்ற பாடங்கள் தாதியியல் பட்டத்தில் முழுமையாக இடம்பெறுவதில்லை. எனவே தாதியர் அப்பாடங்களைத் தனியே கற்று, மருத்துவக் கல்லூரி அனுமதிப் பரீட்சைக்கும் தோற்ற வேண்டியுள்ளது. கதவு திறந்திருக்கின்ற போதிலும் படிகள் குறைக்கப்படவில்லை என்பதே இதன் பொருளாகும். பிலிப்பைன்ஸிலும் மருத்துவத்துக்கு முன்னர் ஒரு பட்டம் அவசியம் என்பதால் தாதியியல் பட்டத்தை அதற்கான அடித்தளமாகப் பலர் தெரிவு செய்கின்றனர். அதே நாட்டில் 2000களின் ஆரம்பத்தில் ஆயிரக்கணக்கான வைத்தியர்கள் வெளிநாட்டு வேலைவாய்ப்புக்காகத் தாதியராக மறுபயிற்சி பெற்ற வேடிக்கையும் நிகழ்ந்தது. இரு தொழில்களுக்கும் இடையிலான ஏற்றத்தாழ்வு அறிவினால் மட்டும் நிர்ணயிக்கப்படுவதன்று, சந்தையினாலும் நிர்ணயிக்கப்படுகின்றது என்பதற்கு இதனிலும் சிறந்த உதாரணம் தேவையில்லை.

அண்டை நாடான இந்தியாவில் நிலைமை நம்மை ஒத்ததே. அங்கு தாதியியல் பட்டதாரிக்குத் தனி வழி கிடையாது. ஏனையோருடன் சேர்ந்து அவரும் நீட் பரீட்சையையே எழுத வேண்டும். எனினும் உச்ச வயதெல்லை நீக்கப்பட்டுள்ளதால், முப்பது வயதிலும் மீண்டும் முயல அவருக்கு உரிமை உண்டு. நமது தாதியருக்கு அந்த வாய்ப்பும் இல்லை.

சேவையில் இருப்போர் படிப்படியாக உயர்வதென்பது நமது மண்ணுக்குப் புதியதொன்றன்று. 1847 இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் கிறீன், மானிப்பாயில் அறுபதுக்கும் மேற்பட்டோரை வைத்தியர்களாகப் பயிற்றுவித்தார். நோயாளரின் அருகிலிருந்தே, அதுவும் பின்னாளில் தமிழ் மொழியிலேயே, அப்பயிற்சி நடைபெற்றது. அப்போதிக்கரிகள் என ஒரு காலத்தில் அழைக்கப்பட்டவர்களும், அவர்களின் வழிவந்த உதவி வைத்தியர்களும் கிராமப்புற வைத்தியசாலைகளைப் பல தசாப்தங்களாகத் தாங்கி நின்றனர். யுத்த காலத்தில் வடக்கிலும் கிழக்கிலும் வைத்தியர் பற்றாக்குறை உச்சத்தில் இருந்தபோது, தாதியரும் உதவி வைத்தியர்களும் ஆற்றிய பணியை அம்மக்கள் இலகுவில் மறந்துவிட மாட்டார்கள். கடமையின் தேவை அவர்களைத் தமது பதவியின் எல்லைக்கு அப்பால் இட்டுச் சென்றது. யுத்தம் முடிந்த பின்னர் அந்த அனுபவத்துக்குக் கல்வி ரீதியான அங்கீகாரம் எதுவும் கிடைக்கவில்லை.

எனினும் எதிர்த்தரப்பு வாதங்களையும் நேர்மையுடன் நோக்க வேண்டும். முதலாவது, தாதியர் சேவை என்பது மருத்துவத்துக்குச் செல்ல முடியாதோரின் தங்குமடமன்று. அது தனக்கெனத் தனியான அறிவும் ஒழுக்கமும் கொண்ட தொழில். சிறந்த தாதியரையெல்லாம் வைத்தியர்களாக்கி விட்டால் விடுதிகளை யார் பார்ப்பது? 2022 ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடிக்குப் பின்னர் வைத்தியர்களும் தாதியரும் பெரும் எண்ணிக்கையில் நாட்டை விட்டு வெளியேறியதை நாம் கண்டோம். இந்நிலையில் ஒரு பற்றாக்குறையை நிரப்ப இன்னொரு பற்றாக்குறையை உருவாக்குவது மதியீனமாகும்.

இரண்டாவது, மருத்துவ பீடங்களின் இடங்கள் மட்டுப்படுத்தப்பட்டவை. பல்கலைக்கழகத் தகைமை பெறுவோரில் ஏறத்தாழ நான்கில் ஒருவருக்கே அரச பல்கலைக்கழகங்களில் இடம் கிடைக்கும் நாட்டில், முல்லைத்தீவிலோ மூதூரிலோ நுவரெலியாவிலோ உரிய ஆசிரியர் இன்றிப் படித்து முன்னேறும் மாணவியின் இடத்தைப் பறித்து, ஏற்கனவே ஒரு தடவை இலவசப் பட்டக் கல்வியைப் பெற்ற ஒருவருக்கு வழங்குவது நியாயமாகாது.

மூன்றாவது வாதமே நமது வாசகர்களின் மனதில் ஆழமாகப் பதிந்திருப்பது. பல்கலைக்கழக அனுமதியில் விசேட ஏற்பாடு என்ற சொல்லைக் கேட்டாலே தமிழ் மக்கள் அஞ்சுவதற்குக் காரணம் உண்டு. 1970/71 கல்வியாண்டில் மருத்துவ பீட அனுமதிக்குத் தமிழ்மொழி மூல மாணவரிடம் 250 புள்ளிகளும், சிங்களமொழி மூல மாணவரிடம் 229 புள்ளிகளும் கோரப்பட்ட வரலாறு மறையவில்லை. தரப்படுத்தல் ஒரு தலைமுறையின் பாதையையே மாற்றியது. 1974 இல் வந்த மாவட்ட ஒதுக்கீட்டினால் பின்தங்கிய மாவட்டங்களின் தமிழ், முஸ்லிம் மாணவர் சிலர் நன்மை பெற்றனர் என்பதும் உண்மையே. ஒரே மாற்றம் ஒரு வீட்டுக்கு இழப்பாகவும் அடுத்த வீட்டுக்கு வாய்ப்பாகவும் அமையக் கூடும் என்ற பாடத்தை அந்த அனுபவம் நமக்குத் தந்துள்ளது. பின்னர் 2017 இல் மாலபே சைட்டம் தனியார் மருத்துவக் கல்லூரிக்கு எதிராக நாடு தழுவிய போராட்டங்கள் வெடித்தன. இறுதியில் அதன் மாணவர்கள் 2018 இல் கொத்தலாவலைப் பாதுகாப்புப் பல்கலைக்கழகத்துக்கு மாற்றப்பட வேண்டியதாயிற்று. பின்கதவு என்ற சந்தேகம் எழுந்துவிட்டால் எத்திட்டமும் நிலைக்காது என்பதை அச்சம்பவம் உணர்த்தியது.

இவ்வாதங்கள் யாவும் வலுவானவை. ஆனால் அவை கதவை எவ்வாறு திறக்க வேண்டும் என்பதைப் பற்றியனவேயன்றி, என்றென்றைக்கும் மூடி வைப்பதற்கான நியாயங்கள் அல்ல. திறப்பதாயின் சில நிபந்தனைகள் அவசியம். தாதியியல் பட்டதாரிகளுக்கான இடங்கள் உயர்தர மாணவரின் ஒதுக்கீட்டிலிருந்து எடுக்கப்படாது மேலதிகமாக உருவாக்கப்பட வேண்டும். பீடங்களின் கற்பித்தல் ஆற்றலுக்கு ஏற்ப அவை சிறு எண்ணிக்கையாகவே இருத்தல் வேண்டும். தெரிவு மூன்று மொழிகளிலும் நடைபெறும் எழுத்துப் பரீட்சையின் மூலம் அமைய வேண்டும். புள்ளிகள் பகிரங்கப்படுத்தப்பட வேண்டும். நேர்முகத் தேர்வில் வழங்கப்படும் புள்ளிகள் முடிவைத் தலைகீழாக்கும் அளவுக்கு இருத்தல் கூடாது. குறிப்பிட்ட ஆண்டுகள் அரச வைத்தியசாலையில் சேவையாற்றியிருத்தல் முன்தகைமையாக வேண்டும். பட்டம் பெற்ற பின்னர் வைத்தியர் பற்றாக்குறையுள்ள மாவட்டங்களில் பணியாற்றும் பிணைமுறியும் அவசியம்.

கற்கைக் காலத்தைக் குறைப்பதில் அவசரம் காட்டலாகாது. தாதியியலில் கற்ற உடற்றொழிலியலும் மருத்துவத்தில் கற்பிக்கப்படும் உடற்றொழிலியலும் பெயரில் ஒன்றாயினும் ஆழத்தில் வேறானவை. நோயை நிர்ணயம் செய்வது ஒரு பயிற்சி; நோயாளரைப் பராமரிப்பது இன்னொரு பயிற்சி. எனவே பரீட்சித்துப் பார்த்து, தேறியோருக்கு மட்டும் குறித்த பாடங்களில் விலக்கு அளிப்பதே நோயாளரின் பாதுகாப்புக்கு உகந்தது.

இத்தகைய ஏற்பாட்டினால் அதிக பயன் பெறக் கூடியவர்கள் யார்? மலையகத்தின் பிரதேச வைத்தியசாலையில் தமிழில் மட்டும் தனது நோவைக் கூறத் தெரிந்த தோட்டத் தொழிலாளிக்கும் தமிழ் தெரியாத வைத்தியருக்கும் இடையில் மொழிபெயர்ப்பாளராக நிற்பவர் பல வேளைகளில் தாதியே. கிழக்கிலும் மன்னாரிலும் புத்தளத்திலும் பெண் வைத்தியரிடமே தமது நோயைக் கூற விரும்பும் முஸ்லிம் தாய்மாரின் தேவையும் நாம் அறிந்ததே. இம்மண்ணில் வேரூன்றி, இம்மக்களின் மொழி பேசி, இங்கேயே குடும்பம் நடத்தும் தாதியியல் பட்டதாரி வைத்தியரானால், இடமாற்றம் கோரிக் கொழும்புக்கு ஓடும் வாய்ப்பு ஒப்பீட்டளவில் குறைவு என எதிர்பார்ப்பது பிழையாகாது.

அதுவரையில் மாணவர்களும் பெற்றோரும் தெளிவாக அறிந்திருக்க வேண்டிய உண்மைகள் சில உண்டு. பின்னர் மருத்துவத்துக்கு மாறிவிடலாம் என்ற நம்பிக்கையில் தாதியியல் பட்டத்தில் சேருவோர் ஏமாற்றம் அடைவர். வெளிநாட்டு மருத்துவக் கல்லூரிகளுக்கு அனுப்பி வைப்பதாகக் கூறும் முகவர்கள், தாதியியல் பட்டம் இருந்தால் உயர்தரப் பெறுபேறு தேவையில்லை என்று உறுதியளித்தால் அதனை நம்பலாகாது. எந்தக் கல்லூரியாயினும் அது இலங்கை மருத்துவ சபையினால் அங்கீகரிக்கப்பட்டதா, தமது உயர்தரச் சித்திகள் அச்சபையின் தராதரத்துக்குப் போதுமானவையா என்பதைப் பணம் செலுத்துவதற்கு முன்னரே எழுத்தில் உறுதி செய்துகொள்ள வேண்டும். நாடு திரும்பிய பின்னர் வெளிநாட்டுப் பட்டதாரிகளுக்கான பதிவுப் பரீட்சையிலும் சித்தியடைந்தாக வேண்டும். காணியை ஈடுவைத்துப் பிள்ளையை அனுப்பிவிட்டுப் பின்னர் கலங்குவதில் பயனில்லை.

வயதையும் கணக்கிட வேண்டும். இருபத்தைந்து வயதளவில் தாதியியல் பட்டம் பெறும் ஒருவர், ஐந்தாண்டு மருத்துவமும் ஓராண்டு உள்ளகப் பயிற்சியும் முடிக்கும்போது முப்பதைக் கடந்திருப்பார். பெண்களே பெரும்பான்மையாக உள்ள இத்தொழிலில் திருமணம், பிள்ளைப்பேறு, வீட்டுப் பொருளாதாரம் ஆகிய சுமைகளும் அந்த ஆண்டுகளிலேயே வந்து சேருகின்றன. சம்பளத்துடன் கூடிய கற்கை விடுமுறை இல்லாது போனால், திறக்கப்படும் கதவு வசதி படைத்தோருக்கு மட்டுமே பயன்படும்.

தாதியர் சேவைக்குள்ளேயே விசேட துறைத் தாதியர், முதுமாணி, கலாநிதிப் பட்டம் என உயரும் வழிகளை விரிவாக்குவது அரசாங்கத்தின் முதற் கடமையாகும். தாதியாகவே இருந்து மதிப்புடன் உயர முடியும் என்ற நிலை ஏற்பட்டால் மருத்துவத்தை நாடும் அவசியம் பலருக்கு எழாது. அதன் பின்னரும் மருத்துவமே தமது பாதை என உணரும் சிலருக்கு நியாயமான, பகிரங்கமான, ஒடுங்கிய வாசல் ஒன்றையேனும் திறந்து வைக்க வேண்டும். பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவும் மருத்துவ சபையும் சுகாதார அமைச்சும் இதனை ஒன்றாக அமர்ந்து ஆராய வேண்டும். இருபது வயதின் ஒரு பரீட்சையைக் காட்டி, நாற்பது ஆண்டு காலப் பணிக்கு எல்லை வகுத்துக் கொண்டிருப்பது நோயாளருக்கும் நன்மை தராது, நாட்டுக்கும் நன்மை தராது.