பத்தொன்பதுக்கு முன்பே தாயானவள்

2025 ஜூலை 11 அன்று செஞ்சிக் கோட்டை யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பிடித்தது. பட்டியலில் சேர்ந்த 12 மராத்தியக் கோட்டைகளில் தமிழ்நாட்டில் இருப்பது இது ஒன்றுதான். இந்தப் பெருமை ஊருக்கு நல்ல சாலைகளையும் வேலைவாய்ப்பையும் கொண்டு வரட்டும். அதோடு செஞ்சி வட்டாரத்துக் கிராமங்களில் இன்னொரு கவலையும் இருக்கிறது. அதற்கும் அரசின் பார்வை திரும்ப வேண்டும். பள்ளிப் படிப்பு முடியும் முன்பே தாலி ஏறி, உடம்பு தேறும் முன்பே வயிற்றில் பிள்ளையைச் சுமக்கும் பெண் குழந்தைகளைப் பற்றிய கவலை அது.

இது செஞ்சிக்கு மட்டுமான பிரச்னை இல்லை. தேசியக் குடும்பநல ஆய்வின் நான்காம், ஐந்தாம் சுற்று முடிவுகளை அருகருகே வைத்துப் பார்த்தால் மாநிலத்தின் நிலை புரியும். 18 வயதுக்கு முன் திருமணமான இளம்பெண்களின் விகிதம் தமிழ்நாட்டில் 16.3 சதவிகிதத்திலிருந்து 12.8 ஆகக் குறைந்தது. நல்ல செய்திதான். ஆனால் 15 முதல் 19 வயதுக்குள் தாயாகிவிட்ட அல்லது கருவுற்றிருந்த பெண்களின் விகிதம் 5 சதவிகிதத்திலிருந்து 6.3 ஆக உயர்ந்தது. அதே காலத்தில் நாடு முழுவதற்குமான விகிதம் 7.9லிருந்து 6.8 ஆக இறங்கியது. கிட்டத்தட்ட எல்லாப் பிரசவங்களும் மருத்துவமனையிலேயே நடக்கும் மாநிலம் நாம். அப்படியிருந்தும் இந்த ஒரு கணக்கில் பின்னால் போயிருக்கிறோம்.

காரணத்தை அறியாமை என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவது எளிது. அது நியாயமாகாது. செஞ்சியைச் சுற்றி மானாவாரி மணிலா (நிலக்கடலை) பயிரை நம்பிய குடும்பங்கள் ஏராளம். விளைச்சல் பொய்த்தால் கரும்பு வெட்டுக்கும் செங்கல் சூளைக்கும் மாதக்கணக்கில் வெளியூர் போயாக வேண்டும். தம்பி தங்கைகளைக் கையோடு கூட்டிப் போய்விடலாம். பத்தாவது முடித்த மகளை? ‘வயசுக்கு வந்த பொண்ண யாரு பொறுப்புல வுட்டுட்டுப் போறது?’ என்று ஒரு தாய் கேட்டால், நம்மிடம் என்ன பதில் இருக்கிறது? பாதுகாப்பான விடுதி பக்கத்தில் இல்லை. மேல்நிலைப் பள்ளிக்கு பஸ் மாறிப் போக வேண்டும். அந்த நேரத்தில் சொந்தத்தில் ஒரு வரன் வருகிறது. மகள் யாரையாவது காதலித்துவிடுவாளோ என்ற பயமும் சேர்ந்துகொள்ள, பெற்றோர் தலையாட்டிவிடுகிறார்கள்.

இருளர் குடியிருப்புகளில் நிலைமை இன்னும் கடினம். மிகவும் நலிவுற்ற பழங்குடிகள் என்று மத்திய அரசே வகைப்படுத்திய சமூகம் அது. சாதிச் சான்றிதழுக்கே ஆண்டுக்கணக்கில் அலைய வேண்டியிருந்தால், எத்தனை பிள்ளைகள் பள்ளியில் நிலைப்பார்கள்? கொரோனா காலத்தில் பள்ளிகள் மூடிக்கிடந்தபோது, படிப்பு அறுந்து போனால் ஏழைப் பெண் குழந்தைக்கு என்ன நேரும் என்பதைக் கண்ணெதிரே பார்த்தோம். அப்படி அறுந்த படிப்பை ஒட்டவைக்க வந்த ‘இல்லம் தேடிக் கல்வி’ திட்டம் 2021 அக்டோபர் 27 அன்று, செஞ்சி இருக்கும் இதே விழுப்புரம் மாவட்டத்தின் முதலியார்குப்பத்தில்தான் தொடங்கப்பட்டது.

திருமணம் முடிந்த சில மாதங்களில் அந்தப் பெண் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வருகிறாள், மாமியார் துணையோடு. கிராம சுகாதார செவிலியர் பதிவேட்டைத் திறந்து, ‘வயசு என்னம்மா?’ என்கிறார். பெண் வாய் திறப்பதற்குள், ‘பத்தொன்பது ஆவுது நர்சம்மா’ என்று மாமியார் முந்திக்கொள்கிறார். ஆதார் அட்டையைக் கேட்டால் வீட்டில் மறந்து வைத்துவிட்டதாகச் சொல்கிறார். அட்டையில் இருக்கும் பிறந்த தேதி அந்த வீட்டில் எல்லோருக்கும் தெரியும். அட்டையைக் கேட்டதற்காகவே மறுமுறை வராமல் போய்விடும் பெண்களும் உண்டு.

ஏன் இந்தப் பொய்? காரணம் இரண்டு. முதலாவது, பணம். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டத்தில் ஏழைக் கர்ப்பிணிக்கு 18,000 ரூபாய் மதிப்புள்ள உதவி கிடைக்கிறது. தவணைகளில் பணம், கூடவே ஊட்டச்சத்துப் பெட்டகம். ஆனால் 19 வயது நிறைந்திருக்க வேண்டும் என்பது விதி. 17 வயதில் கருவுற்றவளுக்கு உதவி இல்லை. சட்டப்படி 18 வயதில் மணமுடித்து, அடுத்த பிறந்தநாளுக்கு முன்பே தாயாகிறவளுக்கும் இல்லை. குழந்தைத் திருமணத்தை ஊக்குவித்துவிடக் கூடாது என்ற நோக்கம் புரிகிறது. ஆனால் இந்தத் தொகைக்காக யாரும் மகளைக் கட்டிக்கொடுப்பதில்லை. விதியின் பலனாக நடப்பது ஒன்றுதான்: சத்தான உணவு மிக அதிகமாகத் தேவைப்படும் உடம்புக்கு அது மறுக்கப்படுகிறது. வளர்ந்து முடியாத உடலில் ரத்தசோகையும் கர்ப்பகால ரத்த அழுத்தமும் வலிப்பும் எளிதில் வரும். குழந்தை குறைமாதத்திலோ எடை குறைவாகவோ பிறக்கும் அபாயமும் கூடுதல் என்று உலக சுகாதார நிறுவனம் எச்சரிக்கிறது.

இரண்டாவது, போலீஸ் பயம். 18 வயதுக்குக் குறைந்த பெண் கருவுற்றால், தகவல் தெரிவிப்பது போக்சோ சட்டப்படி மருத்துவமனையின் கடமை. சிறுமிகளைச் சீரழிப்பவர்களைத் தண்டிக்க இந்தச் சட்டம் அவசியம். அதில் தளர்வே கூடாது. ஆனால் 19 வயதுக் கணவனை ஜெயிலுக்கு அனுப்பிவிடுவார்கள் என்று அஞ்சும் குடும்பம், மருத்துவமனைக்கே வராமல் மருந்துக்கடை மாத்திரையையும் போலி வைத்தியரையும் தேடிப் போகிறது. உயிர் போவது அங்கேதான்.

இந்தச் சிக்கலை நீதிமன்றமும் காவல்துறையும் உணர்ந்திருக்கின்றன. கருக்கலைப்புக்கு வரும் சிறுமியும் அவளது பாதுகாவலரும் கேட்டுக்கொண்டால், போலீஸுக்குத் தரும் தகவலில் அவள் பெயரையும் அடையாளத்தையும் மருத்துவர் குறிப்பிட வேண்டியதில்லை என்று 2022 செப்டம்பர் 29 அன்று உச்ச நீதிமன்றம் சொன்னது. இருவரும் விரும்பிப் பழகிய வழக்குகளில் அவசரப்பட்டுக் கைது செய்ய வேண்டாம் என்று அதே ஆண்டு டிசம்பரில் தமிழகக் காவல்துறைத் தலைவர் சுற்றறிக்கை அனுப்பினார். இவை ஒவ்வொரு கிராமச் செவிலியர் மூலமாகவும் மக்களைச் சென்றடைந்தால்தான் அந்தப் பயம் விலகும்.

தடுப்பதற்கான வழி நமக்குத் தெரியாததல்ல. பெண்ணைப் படிக்க வைத்தால் திருமணம் தானாகத் தள்ளிப்போகும் என்ற நம்பிக்கையில் 1989-ல் பிறந்தது மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் திருமண உதவித் திட்டம். 2022-ல் அது உயர்கல்விக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப்பெண் திட்டமாக மாறியது. அருமையான மாற்றம். ஆனால் அந்தத் தொகை கல்லூரி போன்ற உயர்கல்வி நிறுவனத்தில் சேர்ந்த பிறகே கைக்கு வருகிறது. பத்தாவதோடு நின்றுவிட்டவளுக்கு அது எட்டாது. மாதாந்திர உதவி பிளஸ் ஒன்னிலேயே தொடங்க வேண்டும். பிழைப்புக்கு இடம்பெயரும் குடும்பங்கள் மிகுந்த ஒவ்வொரு ஒன்றியத்திலும் மாணவியர் விடுதி வேண்டும். இருளர் பிள்ளைகளுக்குச் சாதிச் சான்றிதழ் பள்ளியிலேயே வழங்கப்பட வேண்டும்.

ஏற்கெனவே தாயாகிவிட்டவளின் படிப்பும் அத்தோடு முடிந்துவிடக் கூடாது. ஜமைக்காவில் 1978 முதல், கருவுற்ற பள்ளிச் சிறுமிகளுக்கென்றே அரசு மையங்கள் இயங்குகின்றன. கர்ப்ப காலத்தில் பாடமும் மனநல ஆலோசனையும், பிரசவத்துக்குப் பிறகு கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஏற்பாடும் செய்து, அவர்களை மறுபடி பள்ளிக்கு அனுப்புகிறார்கள். ஏழை நாடான சியரா லியோனும் கர்ப்பிணி மாணவிகளுக்குப் பள்ளியில் இருந்த தடையை 2020-ல் நீக்கிவிட்டது. ஊருக்கு ஊர் அங்கன்வாடியும் சத்துணவும் உள்ள தமிழ்நாட்டால் இது முடியாதா? குழந்தை அங்கன்வாடியில் இருக்க, தாய் பிளஸ் டூ தேர்வுக்குத் தயாராகலாம். அவளைத் தேடிப் போய் அழைத்துவர, ஒன்றியத்துக்கு ஒருவரைப் பொறுப்பாக்கினால் போதும்.

நமக்கும் பொறுப்பு உண்டு. பெண்ணுக்குப் பதினாறு வயதுதான் என்று தெரிந்தும் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டு, மொய் எழுதிவிட்டு வருபவர்கள் நாம்தானே? கல்யாணப் பத்திரிகை கைக்கு வந்த அன்றே குழந்தைகள் உதவி எண்ணான 1098-க்கு ஒரு போன் செய்தால், மாவட்ட சமூகநல அலுவலரால் தாலி ஏறும் முன் தடுக்க முடியும். நிறுத்துவதோடு வேலை முடிந்துவிடாது. அந்தப் பெண் அடுத்த வாரம் பள்ளிக்கு வருகிறாளா என்று ஆசிரியரும் ஊராட்சித் தலைவரும் பார்க்க வேண்டும்.

அரசிடம் நாம் கேட்பது இதுதான்: மகப்பேறு உதவிக்கான 19 வயது வரம்பை நீக்குங்கள். உதவியை அந்தப் பெண்ணின் பெயரிலேயே கொடுங்கள். அவள் படிப்பைத் தொடர்ந்தால் கூடுதலாகவும் கொடுங்கள். தாய்மாரின் நலனில் நாட்டுக்கே முன்மாதிரி என்று பெயரெடுத்த மாநிலத்தில், உதவி மிகவும் தேவைப்படும் இளைய தாய் வயதைச் சொல்ல அஞ்சி நிற்கும் நிலை இனியும் நீடிக்கக் கூடாது.