உங்க கோபம் அவனுக்கு மாசச் சம்பளம்

தோழர்களே, இந்தப் பதிவு எதிர்த்தரப்புக்கு இல்ல, நமக்கு. கொஞ்சம் கசக்கும். முழுசா படிச்சிட்டு அப்புறம் கமெண்ட்ல வந்து திட்டுங்க.

"இவன் பேசுறதைப் பாருங்க தோழர், இவனை சும்மா விடக்கூடாது." இப்படி ஒரு வரியோட ஒரு யூடியூப் லிங்க் தினமும் நம்ம வாட்ஸ்அப் குரூப்கள்ல வருதா இல்லையா? ஒன்றியக் குரூப்ல போட்டது நகரக் குரூப்புக்குப் போகும், அங்கிருந்து மாவட்டக் குரூப்புக்கு, அங்கிருந்து துபாய், சிங்கப்பூர் வரைக்கும் போகும். எல்லாரும் போய்ப் பார்ப்போம். கமெண்ட்ல கிழிச்சுத் தொங்க விடுவோம். டிஸ்லைக் அடிப்போம். ஒரு கடமையை முடிச்ச திருப்தியில தூங்கப் போவோம்.

அந்தப் பக்கம் என்ன நடந்துச்சு தெரியுமா? அவனுக்கு வியூஸ் ஏறுச்சு. கூடவே காசும் ஏறுச்சு.

இந்தக் காசு எப்படி வருதுன்னு நம்ம ஆட்கள்ல பாதிப் பேருக்குத் தெரியல. ஒரு சேனலுக்கு 1,000 சப்ஸ்கிரைபர் சேரணும், கடைசி 12 மாசத்துல 4,000 மணி நேரம் மக்கள் அதைப் பார்த்திருக்கணும். இல்லைன்னா 90 நாள்ல ஷார்ட்ஸ் 1 கோடி வியூஸ் தாண்டியிருக்கணும். அப்பதான் விளம்பர வருமானத்துல முழுப் பங்கு கேட்டு விண்ணப்பிக்கவே முடியும். அதுக்கப்புறம் பெரிய வீடியோவுல ஓடுற விளம்பரத்துக்கு 100 ரூபாய் வந்தா 55 ரூபாய் சேனல்காரனுக்கு, மீதி யூடியூபுக்கு. நேரலையில சூப்பர் சாட்ல நீங்க காசு கட்டி ரெண்டு வார்த்தை திட்டினீங்கன்னா, அதுல 70 சதவீதம் அவனுக்கு. திட்டு வாங்குறதுக்குக் கூலி!

இப்ப கணக்குப் போடுவோம். 4,000 மணி நேரம்னா 2,40,000 நிமிஷம். ஒரு 8 நிமிஷ வீடியோவை 30,000 பேர் கடைசி வரைக்கும் பார்த்தா அந்தக் கணக்கு முடிஞ்சுது. நம்ம ஆதரவாளர்கள் 30,000 பேர் ஒரே ராத்திரியில கோபப்படுறது நமக்கு ஒரு பெரிய விஷயமா? நேத்து வரைக்கும் யாருக்கும் தெரியாத ஒருத்தன், ஒரு மைக்கும் பின்னாடி ஒரு பச்சைத் திரையும் வெச்சுக்கிட்டு உட்கார்ந்தவன், நம்ம புண்ணியத்துல ஒரே வீடியோவுல அந்தப் படியைத் தாண்டிடுறான்.

அது என்ன 8 நிமிஷம்னு கேட்கலாம். வீடியோவுக்கு நடுவுல விளம்பரம் போடணும்னா குறைஞ்சது 8 நிமிஷம் ஓடணும். முன்னாடி 10 நிமிஷமா இருந்ததை 2020 ஜூலையில 8 ஆக்கினாங்க. ஒரு வரிச் செய்தியை "அதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்றேன்", "கடைசி வரைக்கும் பாருங்க, அதிர்ந்து போயிடுவீங்க"ன்னு இழுத்துக்கிட்டே போறானே, அவனுக்குச் சொல்ல நிறைய இருக்குன்னா நினைச்சீங்க?

"நான் டிஸ்லைக் போட்டுட்டேன் தோழர்"னு சொல்றவங்களுக்கு ஒரு தகவல். 2021 நவம்பர்ல இருந்து டிஸ்லைக் எண்ணிக்கையே வெளியில தெரியாது. அவனுக்கு மட்டும்தான் தெரியும். நீங்க அந்தப் பொத்தானைத் தொடுறதுக்குள்ள விளம்பரம் ஓடி முடிஞ்சிருக்கும். "எனக்கு விளம்பரமே வராது, பிரீமியம் கட்டியிருக்கேன்"னு சொல்றவங்க இன்னும் மோசம். நீங்க கட்டுற சந்தாவுலயும், நீங்க எதை எவ்வளவு நேரம் பார்த்தீங்களோ அந்த அளவுல பங்கு போகும். அமெரிக்கா, கனடாவுல இருக்கிற நம்ம தோழர்களுக்குத் தனியா ஒரு வேண்டுகோள். உங்க ஊர்ல விளம்பர விலை இங்கே இருக்கிறதைவிடப் பல மடங்கு அதிகம். நீங்க அங்கே உட்கார்ந்து கோபப்படுறது அவனுக்கு டாலர் வருமானம்.

இவங்களுக்கு ஏதோ கொள்கை இருக்கு, அதனால நம்மளைத் திட்டுறாங்கன்னு நினைக்காதீங்க. என்கூட இன்ஜினியரிங் படிச்ச ஒருத்தன் இப்படி ஒரு இடத்துல எடிட்டர். கேம்பஸ்ல வேலை கிடைக்கல, இங்கே மாசம் ஏதோ வருது, அவனைக் குறை சொல்ல மாட்டேன். அவன் சொன்னதைக் கேளுங்க. முதலாளி ஒருத்தர்தான், சேனல் மூணு. காலையில நம்ம தலைவரைத் திட்டி ஒரு வீடியோ, சாயங்காலம் அடுத்த கட்சித் தலைவரைத் திட்டி இன்னொண்ணு. "கதறும்", "வெச்சு செய்த", "தரமான சம்பவம்", இந்த மூணு வார்த்தையை டெம்ப்ளேட்டாவே சேமிச்சு வெச்சிருக்கான். பெயரும் போட்டோவும் மட்டும் மாத்தணும். சிவப்பு அம்புக்குறியைக்கூட நகர்த்த வேண்டியதில்ல. ராத்திரி எந்த வீடியோவுக்கு அதிகமா சண்டை நடந்திருக்குன்னு பார்த்துதான் மறுநாள் யாரைத் திட்டுறதுன்னு முடிவு பண்றாங்களாம்.

இது தமிழ்நாட்டுல மட்டும் கண்டுபிடிச்ச வித்தை இல்ல. 2016 அமெரிக்கத் தேர்தல் நேரத்துல வடக்கு மாசிடோனியாவுல வேலஸ்னு ஒரு சின்ன ஊர், 50,000 பேர்கூட இல்லாத ஊர். அங்கிருந்த இளைஞர்கள் டிரம்ப்பை ஆதரிச்சு 100-க்கும் மேல இணையதளம் நடத்தினாங்க. பலதும் பொய்ச் செய்தி. அந்தப் பசங்களுக்கு டிரம்ப்பும் வேண்டாம், கிளிண்டனும் வேண்டாம், கூகுள் விளம்பரக் காசு போதும். எந்தப் பொய்யை அமெரிக்கக்காரன் அதிகமா ஷேர் பண்றானோ அதையே திரும்பத் திரும்ப எழுதினாங்க.

நம்ம மண்ணுலயே நடந்ததை மறந்துட்டீங்களா? 2023 மார்ச்சுல வட மாநிலத் தொழிலாளர்களைத் தமிழ்நாட்டுல அடிச்சுக் கொல்றாங்கன்னு வீடியோ பரப்பினாங்க. எங்கேயோ நடந்த வேற சண்டைகளை எடுத்து இங்கே நடந்ததா ஒட்டினாங்க. ஒரு வீடியோ பாட்னாவுல ஒரு வாடகை வீட்டுல நடிச்சு எடுத்ததுன்னு பீகார் போலீசே சொன்னது. பீகார் அதிகாரிகள் குழு நேர்ல வந்து பார்த்துட்டுப் போச்சு. அதுக்குள்ள திருப்பூர்லயும் கோயம்புத்தூர்லயும் வேலை பார்த்த எத்தனை பேரு பயந்து நடுங்கினாங்க, ஊர்ல இருந்து அவங்க அம்மா அப்பா போன் போட்டு எப்படி அழுதிருப்பாங்கன்னு யோசிங்க. அந்த வீடியோக்களை ஷேர் பண்ணினவங்க எல்லாரும் கெட்டவங்க இல்ல. "அய்யோ, நம்ம ஆளுங்க"ன்னு பதறி ஷேர் பண்ணினவங்கதான் அதிகம். நாமளும் அப்படித்தானே பண்றோம்?

நம்ம மாவட்ட மகளிர் அணியில ஒரு அக்கா இருக்காங்க. பேர் வேண்டாம். தெருமுனைக் கூட்டத்துல அவங்க பேசினதுல 11 விநாடியை வெட்டி எடுத்து, ஒரு அசிங்கமான தலைப்பு வெச்சு ஒருத்தன் போட்டான். அவங்களைத் தெரியாதவன் போட்டது, சரி. ஆனா அதைப் பரப்பினது யாரு? நாமதான். "நம்ம அக்காவை என்ன சொல்லியிருக்கான் பாருங்க"ன்னு ஒவ்வொரு குரூப்பாப் போட்டோம். அதுவரைக்கும் அந்த சேனலை நம்ம மாவட்டத்துல யாரும் கேள்விப்பட்டதே இல்ல. கடைசியில அவங்க பொண்ணு படிக்கிற பள்ளிக்கூடத்து வாட்ஸ்அப் குரூப் வரைக்கும் அது போச்சு. அனுப்பினது நம்ம கட்சிக்காரர்தான், நல்ல மனுஷன், கோபத்துல அனுப்பினார். அந்த அக்கா இப்ப மைக் பிடிக்கிறதில்ல. கூட்டத்துக்கு வர்றாங்க, பின் வரிசையில உட்கார்ந்துட்டுப் போயிடுறாங்க. அந்த சேனல்காரன் இன்னும் அதே வீடியோவுல சம்பாதிச்சுக்கிட்டு இருக்கான்.

இன்னொண்ணும் சொல்லணும், கோவிச்சுக்காதீங்க. நம்மளை ஆதரிக்கிற மாதிரி நடத்துற சில சேனலும் இதே யாவாரம்தான். தலைவர் படத்தை முகப்புல வெச்சிருப்பான். உள்ளே போய்ப் பார்த்தா "மாவட்டச் செயலாளருக்கு ஆப்பு", "கட்சிக்குள் பூகம்பம்"னு நம்ம வீட்டுச் சண்டையை நாமளே உட்கார்ந்து பார்க்கிற மாதிரி எடுத்து வெச்சிருப்பான். மக்கள் நலன்னு தொண்டை கிழியப் பேசிட்டு நடுவுல ரம்மி ஆப்புக்கு விளம்பரம் படிச்சவங்களும் இவங்கள்ல உண்டு. 2025 ஆகஸ்ட்ல நாடாளுமன்றம் காசு கட்டி ஆடுற ஆன்லைன் விளையாட்டுக்கும் அதோட விளம்பரத்துக்கும் தடைச் சட்டம் கொண்டு வர்ற வரைக்கும் அந்தப் படிப்பு ஓடுச்சு. எத்தனை வீட்டுல தாலி அறுந்துச்சுன்னு இவங்களுக்குத் தெரியாதா?

வீடியோ போட்டுச் சம்பாதிக்கிறதே தப்புன்னு நாம சொல்லல. புதுக்கோட்டை மாவட்டம் சின்ன வீரமங்கலத்து வில்லேஜ் குக்கிங் சேனலைப் பாருங்க. தாத்தாவும் பேரன்களும் வயல்ல அடுப்பு மூட்டிச் சமைச்சாங்க, யாரையும் ஒரு வார்த்தை திட்டல. 2021-ல 1 கோடி சப்ஸ்கிரைபர் தொட்ட முதல் தமிழ் சேனல் அவங்கதான், அந்த வருமானத்துல முதலமைச்சர் நிவாரண நிதிக்கு 10 லட்சம் கொடுத்தாங்க. கடந்த 3 வருஷத்துல இந்தியாவுல வீடியோ தயாரிக்கிறவங்க, கலைஞர்கள், ஊடக நிறுவனங்களுக்கு 21,000 கோடி ரூபாய்க்கு மேல கொடுத்திருக்கோம்னு 2025 மே மாசம் யூடியூபே சொன்னது. இவ்வளவு காசு ஓடுற இடத்துல நம்ம பசங்க போய் உழைக்கட்டும், பாடம் நடத்தட்டும், மோட்டார் ரிப்பேர் சொல்லிக் கொடுக்கட்டும். அந்தக் காசுல நம்ம அக்கா தங்கச்சி மானம் கலக்கக்கூடாது, அவ்வளவுதான்.

"பதில் சொல்லாம விட்டா பொய் உண்மையாயிடாதா?" நியாயமான கேள்வி. பதில் சொல்லத்தான் போறோம். ஆனா அவன் கடையில நின்னு இல்ல. அவன் சொன்ன பொய் என்ன, உண்மை என்ன, ஆவணம் எங்கே இருக்கு, இதை நம்ம பக்கத்துல நம்ம வார்த்தையில எழுதுவோம். அவன் சேனல் பேர் அதுல வராது, லிங்க் வராது, அவன் முகமும் வராது. அவன் வீடியோவை ஓடவிட்டு ரியாக்‌ஷன் பண்றதும் வேண்டாம். அது அவனுக்கு இலவச விளம்பரம், மேல நம்ம சேனலுக்குக் காப்புரிமைப் புகாரும் வரும்.

எல்லாத்துக்கும் பதில் சொல்லணும்னும் இல்ல. 200 பேர் பார்த்த வீடியோவை நாம மறுத்தா அது 2 லட்சம் பேருக்குத் தெரிஞ்சு போகும். எது பதில் சொல்ல வேண்டியது, எது தானா சாகட்டும்னு விட வேண்டியதுன்னு மாவட்ட ஐடி விங் பார்த்துக்கும்.

உங்க வேலை சின்னதுதான். இப்படி ஒரு வீடியோ கண்ணுல பட்டா உள்ளே போகாதீங்க. பக்கத்துல இருக்கிற மூணு புள்ளியைத் தொட்டு, இந்த சேனலைப் பரிந்துரைக்காதேன்னு கொடுங்க. யாராவது குரூப்ல லிங்க் போட்டா அவரைத் திட்ட வேண்டாம், தனியா ஒரு மெசேஜ் போட்டு எடுக்கச் சொல்லுங்க. அட்மின்கள் கண்டிப்பா நீக்கணும். நம்ம ஆட்களை, குறிப்பா பெண்களை, அவதூறாப் பேசியிருந்தாலோ படத்தை மார்பிங் பண்ணியிருந்தாலோ மாவட்டப் பொறுப்பாளருக்கு மட்டும் தனியா லிங்க் அனுப்புங்க. பாதிக்கப்பட்டவங்க கையெழுத்தோட யூடியூப் குறைதீர் அலுவலருக்கும் சைபர் கிரைமுக்கும் புகார் போகும், வழக்கறிஞர் அணி பாரதிய நியாய சன்ஹிதா 356-ஆவது பிரிவுல அவதூறு வழக்குக்கான வேலையைப் பார்க்கும். அனுப்பும்போது ஸ்கிரீன்ஷாட்ல சேனல் பேர், தலைப்பு, தேதி மூணும் தெரியணும். எந்த நிமிஷத்துல என்ன சொன்னான்னு ஒரு வரி எழுதுங்க. புகார் போனதும் வீடியோவை அழிச்சிட்டு "நான் போடவே இல்ல"ன்னு சொன்னவங்களை ஏற்கெனவே பார்த்தாச்சு.

– தகவல் தொழில்நுட்ப அணி