கால் ஆஃப் ஆன நானூறு

ரொம்ப நாளாக எழுத நினைத்துத் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்த விஷயம் இது. 'தள்ளிப்போட்டு' என்பதைக் கொஞ்சம் கவனத்தில் வையுங்கள். பிறகு வருகிறேன்.

பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் பரீட்சைக்காக ஒரு பட்டியல் மனப்பாடம் செய்திருப்பீர்கள். இந்தப் பக்கம் 'புட் ஆஃப்', அந்தப் பக்கம் 'போஸ்ட்போன்'. 'கிவ் அப்' என்றால் கைவிடுதல். 'கால் ஆஃப்' என்றால் ரத்து செய்தல். இதற்கு ஃப்ரேசல் வெர்ப் என்று பெயர். உருப் போட்டால் மார்க் நிச்சயம் என்றார் எங்கள் சார். மார்க்கும் வந்தது. ஆனால் அதே பட்டியல் பல வருஷம் கழித்து இங்கே வந்து காலை வாரிவிட்டது.

நான் வேலை பார்ப்பது புனே பக்கத்தில் சாக்கனில், வண்டி உதிரி பாகங்கள் செய்யும் ஒரு கம்பெனியில். ஊர் விருதுநகர் பக்கம். இங்கே வந்து பதினோரு வருஷம் ஆகிறது. என் டீமில் ஒரு தம்பி இருந்தான். நம்ம ஊர்ப் பக்கம்தான், ப்ளஸ் டூ வரைக்கும் தமிழ் மீடியம். கணக்கில் புலி. இங்கிலாந்து கஸ்டமர் அனுப்பும் மெயில்களைப் பார்த்து உற்பத்தித் திட்டத்தை மாற்றுவது அவன் வேலை.

ஒரு நாள் அங்கிருந்து ஒரு வரி வந்தது. மார்ச் முதல் வாரத்துக்கு நானூறு பீஸ் 'கால் ஆஃப்' செய்கிறோம் என்று. தம்பி படித்தபடியே ரத்து என்று எடுத்துக்கொண்டான். நானூறையும் திட்டத்திலிருந்து தூக்கிவிட்டான். அந்த மெயில் எனக்கும் வந்திருந்தது. நானும் படித்தேன். எனக்கும் ரத்து என்றுதான் பட்டது.

விஷயம் என்னவென்றால், வருஷத்துக்கு இத்தனை பீஸ் என்று மொத்தமாக ஒப்பந்தம் போட்டுவிட்டு, தேவைப்படும்போது 'அதில் இத்தனையை இப்போது அனுப்பு' என்று கேட்பதற்கும் கால் ஆஃப் என்றுதான் சொல்கிறார்கள். இங்கிலாந்துக்காரர்களின் கொள்முதல் பாஷையில் இது சகஜம். அதாவது நாங்கள் புரிந்துகொண்டதற்கு நேர் எதிர்! விஷயம் தெரிந்ததும் ராத்திரி பகலாக மெஷினை ஓட்டி, கப்பலில் போகவேண்டிய சரக்கை விமானத்தில் அனுப்பினோம். செலவு எங்கள் தலையில்.

மீட்டிங்கில் தீர்ப்பு ஒரே வரிதான். 'அந்தப் பையனுக்கு இங்கிலீஷ் வராது.' அவனை ஸ்டோர்ஸுக்கு மாற்றினார்கள். எனக்கும் அப்படித்தான் புரிந்தது என்று நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. சாயங்காலம் டீக்கடையில், "விடுங்கண்ணே, பார்த்துக்கலாம்" என்று அவன்தான் எனக்கு ஆறுதல் சொன்னான்.

அந்தப் 'பார்த்துக்கலாம்' மண்டைக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருந்தது. 'பார்' என்றால் கண்ணால் பார்ப்பது. 'குழந்தையைப் பார்த்துக்கொள்' என்றால் கவனித்துக்கொள்வது. இங்கிலீஷில் 'லுக்', 'லுக் ஆஃப்டர்'. 'உன்னை ஒரு கை பார்த்துவிடுகிறேன்' என்றால் அது மிரட்டல். 'போட்டுக்கொடு' இன்னும் மோசம். வீட்டுக்கு வந்தவருக்குக் காபி போட்டுக்கொடுத்தால் உபசாரம், மேனேஜரிடம் ஒருத்தனைப் போட்டுக்கொடுத்தால் துரோகம். இதற்கெல்லாம் நாம் பட்டியல் போட்டா படித்தோம்? ஆரம்பத்தில் சொன்ன 'தள்ளிப்போடு' அப்படியே 'புட் ஆஃப்'தான். இங்கே மராத்தியில் 'கரூன் டாக்' என்பார்கள். வார்த்தைக்கு வார்த்தை 'செய்து போடு'. செய்து முடித்துவிடு என்று அர்த்தம். ஹிந்தியின் 'கா லோ'வும் இதே சாதிதான்.

ஆக, இது நமக்குப் புதிய வித்தை இல்லை. நாம் வினைக்குப் பின்னால் இன்னொரு வினையை ஒட்டுகிறோம், அவர்கள் ஒரு சின்ன வார்த்தையை ஒட்டுகிறார்கள். அந்தச் சின்ன வார்த்தைக்கும் பல இடங்களில் ஒரு குணம் இருக்கிறது. 'ஈட் அப்', 'யூஸ் அப்' என்பதில் வரும் 'அப்', நம்ம 'விடு' மாதிரி. சாப்பிட்டுவிடு, தீர்த்துவிடு. 'கேரி ஆன்', 'கீப் ஆன்' என்பதில் வரும் 'ஆன்', நம்ம 'கொண்டிரு'. 'ஆஃப்' என்றால் பெரும்பாலும் பிரிந்து விலகுவது. இப்போது அந்தக் கால் ஆஃபைப் பாருங்கள். நடக்கவேண்டிய ஒன்றை விலக்கினால் ரத்து. மொத்த ஒப்பந்தத்திலிருந்து நானூறைப் பிரித்தெடுத்தால் டெலிவரி. எனக்குப் புரிந்தவரைக்கும் ஒரே 'ஆஃப்'தான், வாக்கியம்தான் வேறு.

எல்லாமே இப்படிக் குணத்தை வைத்துப் பிடிபடும் என்று சொல்லமாட்டேன். 'புட் அப் வித்' என்றால் ஏன் பொறுத்துக்கொள்வது என்று கேட்டால் முழிப்பேன் :-) 'டர்ன் இட் ஆஃப்' சரி, 'டர்ன் ஆஃப் இட்' தப்பு. ஆனால் 'லுக் ஆஃப்டர் ஹிம்' என்பதை அப்படிப் பிரிக்கக்கூடாது. 1755-ல் அகராதி போட்ட சாமுவேல் ஜான்சனே, அந்நியர்களுக்கு மிகவும் கஷ்டமான இடம் இதுதான் என்று முன்னுரையில் ஒப்புக்கொண்டிருக்கிறார். போதாததற்கு நாம் வேறு சொந்தமாகச் சிலதைச் செய்து வைத்திருக்கிறோம். 2008-ல் 'பாஸ் அவுட்' ஆனேன் என்று ஒரு வெள்ளைக்காரரிடம் சொன்னால், மயக்கம் தெளிந்ததா என்று கேட்பார்.

என் கருத்து இதுதான். பட்டியல் போட்டுப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பதை நிறுத்த வேண்டும். ஒரு வார்த்தைக்கு ஒரு அர்த்தம் என்று நம்பவைப்பதுதான் அதன் பெரிய கெடுதல். தெரியாதவன் கேட்பான், தெரியும் என்று நினைப்பவன் கேட்கமாட்டான். தம்பிக்கு இங்கிலீஷ் வராததால் அந்தத் தப்பு நடக்கவில்லை. சொல்லிக்கொடுத்ததை ஒழுங்காகப் படித்ததால் நடந்தது. நாலு வாக்கியத்தில் அதே வார்த்தையை நாலு விதமாகக் காட்டியிருந்தால், 'அனுப்பணுமா, நிறுத்தணுமா' என்று ஒரு மெயில் தட்டிக் கேட்டிருப்பான்.

அடுத்தது, எண்ணிக்கையும் தேதியும் பணமும் இருக்கிற மெயிலில் நேரான வார்த்தை எழுதுங்கள். 'டெலிவர்', 'கேன்சல்'. ஸ்டைல் வேண்டாம்.

மூன்றாவது எனக்கே. மூன்று மாசம் கழித்துப் போன வாரம் மேனேஜரிடம் போய், அந்த மெயிலை நானும் படித்தேன், நானும் தப்பாகத்தான் புரிந்துகொண்டேன், அவனைத் திரும்பக் கூப்பிடுங்கள் என்று சொன்னேன். மனுஷன் கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார். அப்புறம் "தேக்தே ஹைங்" என்றார்.

பார்க்கலாம் என்று அர்த்தம். அதற்கு நம்ம ஊரில் என்ன அர்த்தமோ, அதேதான் இங்கேயும். அடுத்த வாரம் மறுபடியும் போய்க் கேட்பேன்.